முந்நூற்று ஐம்பத்தொன்பதாம் நாள்

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று டாக்டரிடம் சொன்னது அவள்தான். யாரும் அவள் கழுத்தில் கத்தியை வைக்கவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு, எப்படி ஆச்சு என்று பொதுவாகத்தான் கேட்டார். கட்டிலில் கிடந்த அவள் புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். கேள்வி அவளிடம் வந்து நின்றது. பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல் அவளும் சட்டென்று சொல்லிவிட்டாள். டாக்டர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று அவள் அன்றைக்குப் பார்க்கவில்லை. பிறகு பதினோரு மாதம் அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 'குளியலறையில் வழுக்கி விழுந்ததாக நோயாளியின் மனைவி கூறினார்.'

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் வீட்டில் குளியலறையே கிடையாது. ஒரே வரிசையில் நாலு வீடு, ஒவ்வொன்றும் ஒன்றரை அறை. நாலு வீட்டுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரு பொந்து. வாளியை முதலில் வைத்து, ஒரு காலை வாளிக்கு அந்தப் பக்கம் போட்டு, உடம்பைத் திருப்பிக் கதவைச் சாத்த வேண்டும். தரை பூசாத சிமெண்ட், காலைத் தேய்த்தால் தோல் வழன்றுவிடும். அவள் புருஷன் மாதிரி வாட்டசாட்டமான ஆள் அதற்குள் நின்று குளித்துவிட்டு வருவதே பெரிய வித்தை. விழ வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் அதில் விழ முடியாது.

அவருக்கு ஜாக்கி என்று பெயர் வைத்தது டைல்ஸ் கம்பெனியின் லோடிங் கொட்டகையில். லாரி டயர் மாற்ற ஜாக்கி தேடிக்கொண்டிருந்த டிரைவரிடம், "அதெதுக்கு, இந்த ஆளக் கூப்பிடு, வண்டியத் தூக்குவார்" என்று யாரோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருஷமாக அவர் அங்கே பெட்டி தூக்கினார். ஒரு பெட்டியில் நாலு டைல்ஸ், முப்பத்திரண்டு கிலோ. ஒரு லாரிக்கு அறுநூறு பெட்டி. கீழே நிற்பவன் பெட்டியைத் தோளுக்கு ஏற்றி நீட்ட வேண்டும், லாரி மேலே நிற்பவன் குனிந்து வாங்கி அடுக்க வேண்டும். கீழே எப்போதும் ஜாக்கி, மேலே எப்போதும் நெட்டை. நெட்டை அவரைவிட ஆறு வயது இளையவன். ஆளைப் பார்த்தாலே அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விளங்கிவிடும். இரண்டு பேரும் வாய் திறந்து பேசிக்கொள்ள மாட்டார்கள். "ம்" என்றால் வருகிறது என்று அர்த்தம், "ம்ம்" என்றால் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். அந்த இரண்டு எழுத்திலேயே பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

மனைவி வீட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைத்தாள். தையல் கம்பெனி ஆள் காலையில் மூட்டை கொண்டுவந்து போட்டுவிட்டு, மறுநாள் எடுத்துக்கொண்டு போவான். அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பட்டன்கார அக்கா என்று பெயர். மகள் அப்போது கல்லூரியில் முதல் வருஷம்.

கொட்டகை வாசலில் ஒரு பலகை தொங்கியது. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண் மட்டும் சாக்பீஸில். தினமும் காலையில் சூப்பர்வைசர் பழைய எண்ணைக் கையால் அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார். எவனாவது விரலை நசுக்கிக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனால் மறுநாள் பலகையில் பூஜ்யம். முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் கொட்டகையில் இருக்கிற தொண்ணூறு பேருக்கும் அரை மாதச் சம்பளம் போனஸ். கம்பெனி இதை அறிவித்த நாளிலிருந்து விபத்து குறைந்ததோ இல்லையோ, முதலுதவி அறைக்குப் போகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். நகம் பெயர்ந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஒருத்தனுக்குக் காலில் ஐந்து தையல் போட வேண்டிய வெட்டு. அதை வீட்டில் நாய் கடித்த கணக்கில் சேர்த்துவிட்டு வந்தான்.

பலகையில் முந்நூற்று ஐம்பத்தொன்பது என்று இருந்த நாள் அது. மூன்று நாளாக விடாத மழை. கொட்டகைத் தகரம் ஒழுகி, கீழடுக்குப் பெட்டிகளின் அட்டை ஊறிப்போயிருந்தது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற தள்ளுவண்டிக்குச் சக்கரம் உடைந்து பதினைந்து நாள். சக்கரம் வருகிறது, வருகிறது என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் அடுக்கிலிருந்து லாரி வரை பெட்டியை ஆளே சுமந்து வந்தான். நானூறாவது பெட்டியோ என்னவோ, ஜாக்கி தோளுக்கு ஏற்றும்போது பெட்டியின் அடி பிய்ந்தது. நாலு டைல்ஸும் சரிந்தன.

கையை விட்டிருந்தால் நாலு டைல்ஸ் உடைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் பத்தொன்பது வருஷம் பெட்டி தூக்கியவனுடைய உடம்பு அப்படி யோசிக்காது. உடைந்த டைல்ஸுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பது மூளைக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரியும். அவர் பாதி குனிந்து, பாதி திரும்பி, முழங்காலாலும் மார்பாலும் அந்த நாலையும் அணைத்துப் பிடித்தார். ஒன்றும் உடையவில்லை. டைல்ஸைப் பத்திரமாகத் தரையில் வைத்தார். வைத்தவர் நிமிரவில்லை.

"சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம்" என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார். "வேற யாருக்கோன்னு நெனச்சேன்."

ஆட்கள் ஓடிவந்தார்கள். நெட்டை லாரியிலிருந்து குதித்தான். அவரைப் பிடித்துச் சுவரோரம் சாய்த்தார்கள். ஒருத்தன் பலகையைப் பார்த்தான். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். கண் கலங்கிக் கிடந்த ஜாக்கியும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

சூப்பர்வைசர் குடையோடு வந்தார். வந்து நிலைமையைப் பார்த்துவிட்டு, "நான் எதுவும் சொல்லல. என்ன செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அந்த மனுஷன் இன்றைக்கு வரைக்கும் எதுவும் சொல்லவில்லைதான்.

சொன்னது ஜாக்கி. "ஆறு நாளுக்காகத் தொண்ணூறு பேர் வயித்துல அடிக்க வேணாம்பா. புடிப்புதான். ரெண்டு நாள் தைலம் தேச்சா விட்டுடும். நான் வீட்டுல விழுந்தேன்னு சொல்லிக்கிறேன்."

எல்லாருக்கும் உயிர் திரும்பி வந்தது. ஒருத்தன் அவர் தோளைத் தட்டி, "பெரிய மனசுண்ணே" என்றான். கம்பெனி வேனில் போனால் கேட்டில் எழுதுவார்கள். அதனால் நெட்டையின் பைக்கில், நடுவில் ஜாக்கியை உட்காரவைத்து, பின்னால் இன்னொருத்தன் அணைத்துப் பிடித்துக்கொண்டான். கேட்டில் காட்டிய வெளியே போகும் சீட்டில், காரணம் என்ற இடத்தில் 'வீட்டில் அவசரம்' என்று எழுதி ஜாக்கியே கையெழுத்துப் போட்டார். மழையில் மூன்று கிலோமீட்டர். ஒவ்வொரு குழியிலும் நெட்டை, "வருதுண்ணே" என்று சொல்லிவிட்டு இறக்கினானாம்.

மறுநாள் காலையில் அவருடைய இடது பாதத்தில் சுடுதண்ணீர் பட்டும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. வாசலில் நெட்டை அவளை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணி, வாய் தவறிக்கூடக் கம்பெனின்னு சொல்லிடாதீங்க. இன்னும் அஞ்சே நாள். அண்ணனே அப்படித்தான் சொல்லச் சொன்னார்."

"என்னன்னு சொல்றது?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டார்னு சொல்லுங்க. எல்லாரும் அதான சொல்வாங்க."

இவ்வளவுதான் நடந்தது. ஒரு வரி. அவளுக்கு அன்றைக்கு அது பெரிய பொய்யாகவும் தெரியவில்லை. மழைக்காலத்தில் யாராவது எங்கேயாவது வழுக்கி விழுந்துகொண்டுதானே இருக்கிறார்கள்.

முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே இருந்த தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்து ஆறு திருகாணி வைத்தார்கள். உடனே படுக்கவைத்துத் தூக்கி வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது, யார் இவரை உட்காரவைத்துக் கூட்டிவந்தது என்று பெரிய டாக்டர் கேட்டார்.

ஆறாவது நாள் சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஒரு கவர், ஒரு படிவம், ஒரு பை நிறைய ஆரஞ்சு. "உங்க பங்கு. மத்தவங்களுக்கெல்லாம் குடுத்தாச்சு. நீங்க இல்லாம இது நடந்திருக்காது" என்றார். படிவத்தில் கையெழுத்து வேண்டும். படுத்துக்கொண்டே போட வரவில்லை. அவள்தான் அட்டையைப் பிடித்துக்கொண்டு, அவர் கையைப் பேனாவோடு சேர்த்து வைத்தாள். 'இந்த ஆண்டில் எனக்குப் பணியிடத்தில் எந்த விபத்தும் ஏற்படவில்லை' என்று அதில் அச்சடித்திருந்ததை இரண்டு பேரும் படிக்கவில்லை. படித்திருந்தாலும் போட்டிருப்பார்கள். மருந்துக்கடைச் சீட்டு தலையணைக்கு அடியில் இருந்தது.

மூன்று மாதம் லீவு. அப்புறம் கம்பெனியிலிருந்து கடிதம். உடல் தகுதி இல்லாத காரணத்தால் வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள், உங்கள் நீண்ட சேவைக்கு நன்றி. ஒரு குடம் தண்ணீரைக்கூட இனித் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து அவர் வாசல் வரை வருவார். வாசலில் நின்று, எதிர்வீட்டுக்காரர் சிலிண்டர் தூக்குவதைப் பார்த்து, "வளைஞ்சு தூக்காதீங்க சார்" என்பார். ராத்திரி பகல் என்றில்லாமல் வலி. மகள் கல்லூரியை விட்டுவிட்டுத் துணிக்கடையில் பில் போடப் போனாள். அதை யாரும் அவளிடம் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

ஒருநாள் மகள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"பாத்ரூம்னு. நம்ம வீட்டுல ஏதும்மா பாத்ரூம்?"

உள்ளேயிருந்து ஜாக்கிதான் சொன்னார். "பாத்ரூம் டைல்ஸ் தூக்கித்தான இடுப்பு போச்சு. அம்மா பாதி உண்மையச் சொல்லியிருக்கா, விடு."

சிரிக்கட்டும் என்று சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. மகள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள். சட்டைகளுக்குப் பட்டன் வைத்து வைத்து அம்மாவின் கண் எரிந்துபோயிருந்தது, அதனால்தான் கண்ணீர் வருகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இழப்பீடு கேட்டு மனுப் போடலாம் என்று சொன்னது தொழிற்சங்கத்துக்காரர். காகிதங்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுருக்கீங்களேம்மா. வெளிய போன சீட்டுல அவர் கையெழுத்து. ஆஸ்பத்திரில உங்க வாக்கு. போனஸ் படிவத்துல மறுபடி அவர் கையெழுத்து. கம்பெனிக்காரன் தேடுனாக்கூட இவ்வளவு கிடைச்சிருக்காது."

"உண்மையச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்களா?"

"உங்க வாயால சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. பாத்த ஆள் ஒருத்தன் வந்து சொல்லணும். ஒரே ஒருத்தன் போதும். பெட்டி பிஞ்சுது, இவர் புடிச்சார், இடுப்பு போச்சு. மூணு வார்த்தை. யாரு பாத்தது?"

"எல்லாரும்தான் பாத்தாங்க."

"அந்த எல்லாரும்ல ஒருத்தனக் கூட்டிட்டு வாங்க."

மனுப் போட்டு விசாரணைக்கு நாள் குறிப்பதற்குள் கம்பெனியில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். விபத்தை மறைத்தது நிரூபணமானால், அந்த ஆண்டுக்கான போனஸ் அனைவரிடமும் திரும்பப் பெறப்படும். மறைக்க உடந்தையாக இருந்தவர்கள் பணிநீக்கம் செய்யப்படுவார்கள். தொண்ணூறு பேர் வாயையும் அடைக்க அந்த ஒரு தாள் போதுமாக இருந்தது. தெருவில் பார்த்தால், "எப்படி இருக்கார் ஜாக்கி?" என்று நடந்துகொண்டே கேட்டவர்கள், பிறகு எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். பெரிய மனசுண்ணே என்று தோளைத் தட்டினவன், கடையில் அவளைப் பார்த்ததும் வாங்கின ரொட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டான். அவர்களைத் திட்டித் திட்டி அவள் நாக்கு கசந்துபோனது. ஆனாலும், தன் புருஷன் அவர்களில் ஒருத்தனாக இருந்து, விழுந்தது வேறொருத்தனாக இருந்திருந்தால் தானே அவரைச் சாட்சி சொல்லப் போக விட்டிருப்பாளா என்ற கேள்வி வரும்போது அவசரமாக ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பித்துவிடுவாள்.

கடைசியில் நெட்டை வீட்டுக்கே போனாள். அன்றைக்கும் மழை. அவள் போனபோது அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் துண்டு அப்படியே நின்றது.

"வாங்க அண்ணி. உக்காருங்க. நனைஞ்சுட்டீங்களே."

நெட்டையின் மனைவி டீயும் பன்னும் கொண்டுவந்து வைத்தாள். வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். மழை மேலே தடதடவென்று அடித்தது, ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. அவள் மேலே பார்த்ததை நெட்டையின் மனைவி பார்த்துவிட்டாள்.

"போன மழைக்கெல்லாம் நாலு எடத்துல பாத்திரம் வச்சோம் அக்கா. புள்ளைங்க தூங்காம உக்காந்திருக்கும். அந்தப் பணம் வந்ததும் முதல் வேலையா இதப் போட்டோம்." சொன்ன பிறகுதான் எந்தப் பணம் என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"நல்லா போட்டிருக்கீங்க" என்றாள் ஜாக்கியின் மனைவி. மனதாரத்தான் சொன்னாள்.

நெட்டை துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"அண்ணன் எப்படி இருக்கார்?"

"இருக்கார். நேத்து ஜட்டி போட ஒரு மணி நேரம். நான் போட்டுவிடறேன்னாலும் விடமாட்டேங்கிறார்."

நெட்டை தலையைக் குனிந்துகொண்டான்.

"வர்ற செவ்வாய்க்கிழமை கூப்பிட்டிருக்காங்க. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்கிறாங்க. மத்தவங்ககிட்டயெல்லாம் போய் நின்னேன், பிரயோஜனமில்ல. உன்கிட்ட கடைசியா வந்திருக்கேன்."

"நோட்டீஸ் பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன்."

"பைக் ஓட்டினது நான். உடந்தைன்னா முதல் ஆள் நான்தான்."

"தெரியும். தெரிஞ்சுதான் வந்திருக்கேன். நீ மாட்டேன்னாலும் நான் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்னு சொல்லத்தான் நெனச்சேன். ஆனா சொல்ல வரல. குத்தம் சொல்லுவேன். சாகுற வரைக்கும் சொல்லுவேன்."

நெட்டையின் மனைவி எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் வைக்கிற சத்தம் கேட்டது.

"வரேன் அண்ணி" என்றான் நெட்டை. "நான் சொல்லாம யாரு சொல்லுவா. பெட்டி அவர் கைல இருந்து என் கைக்குத்தான் வந்துட்டிருந்துச்சு. நான் பாத்த மாதிரி யாரும் பாக்கல. வரேன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க."

அவள் பன்னைப் பிட்டு டீயில் நனைத்துச் சாப்பிட்டாள். நாலைந்து மாதத்தில் ருசி தெரிந்து சாப்பிட்டது அதுதான்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தொழிலாளர் அலுவலகம் இரண்டாவது மாடியில். கை போனவர், கால் போனவர், இடுப்பு போனவர் எல்லாம் வந்து நியாயம் கேட்கிற இடத்தை இரண்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யாரோ. நாற்பத்திரண்டு படி. எட்டு மணிக்கே வந்து, ஒரு படிக்கு ஒரு மூச்சாக அவரை ஏற்றிக் கொண்டுபோய் பெஞ்சில் உட்காரவைத்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். கம்பெனி வேன் வந்து நின்றது. சூப்பர்வைசர் இறங்கினார், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு வக்கீல் பெண் இறங்கினாள், கடைசியாக நெட்டை இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை.

"வேன்ல வர்றான்" என்றாள்.

"பஸ்ஸு கூட்டமா இருந்திருக்கும்" என்றார் ஜாக்கி.

அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பேசினார், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வக்கீல் பெண்ணுக்கு ஜாக்கியின் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவளும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள்.

"பதட்டப்படாதீங்க அக்கா. ஆஸ்பத்திரில, பாத்ரூம்ல விழுந்துட்டார்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களா?"

"மிரட்டல."

"அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னதுதான் பொய்."

"அன்னைக்குப் பொய் சொன்னதால போனஸ் வந்துச்சு. இன்னைக்கு இப்படிச் சொன்னா இழப்பீடு வரும். அவ்வளவுதானே அக்கா?"

அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இவ்வளவு ஆழமாகக் குத்த முடியும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிகாரியைப் பார்த்துத் திரும்பினாள்.

"சார், நீங்க ஒரு தடவை எங்க பாத்ரூம வந்து பாருங்க. அதுல நிக்கத்தான் சார் முடியும். விழ முடியாது."

அதிகாரி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். எழுதவில்லை. "சாட்சியக் கூப்பிடுங்க" என்றார்.

நெட்டை வந்து நின்றான். நிலை தலையில் இடிக்கும் என்று வாசலில் குனிந்தவன் அப்புறமும் நிமிரவில்லை. ஜாக்கி பெஞ்சிலிருந்து அவனைப் பார்த்து, தொண்டைக்குள் "ம்" என்றார். லாரிக்குக் கீழே நின்று சொல்கிற அதே "ம்".

"சம்பவம் நடந்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"லாரி மேல சார்."

"என்ன பாத்தீங்க?"

நெட்டை கை இரண்டையும் பேன்ட்டில் துடைத்தான். "அந்தப் பக்கம் திரும்பி அடுக்கிட்டிருந்தேன் சார். ஒண்ணும் பாக்கல."

"அவரை பைக்ல கூட்டிட்டுப் போனது நீங்கதானே?"

"வீட்டுல அவசரம்னார். கொண்டுபோய் விட்டேன்."

"நல்லாதான் இருந்தாரா?"

"நல்லாதான் சார் இருந்தார்."

அவள் எழுந்து கத்திவிடுவோமோ என்று பயந்தாள். எழவும் இல்லை, கத்தவும் இல்லை. ஜாக்கி எதுவுமே கேட்காதவர் மாதிரி, கம்பின் அடியிலிருந்த ரப்பரைத் திருகிச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். அதிகாரி தும்மினார், மன்னிப்புக் கேட்டுக்கொண்டார், மூக்கைத் துடைத்துவிட்டு எழுதினார். வாக்குமூலங்கள் முன்னுக்குப் பின் முரண். நேரில் கண்ட சாட்சி இல்லை. மனு தள்ளுபடி. அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

"எனக்குப் புரியுதும்மா" என்றார் அவளிடம் தாழ்ந்த குரலில். "ஆனா காகிதத்துல இல்லாதத நான் எங்கிருந்து எடுக்கிறது?"

புரிந்த மனுஷனிடம் என்ன பேச. அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. ஏறும்போது நல்ல காலை முதலில் வைத்து உடம்பை இழுத்துக்கொள்ளலாம். இறங்கும்போது மரத்துப்போன பாதத்துக்குப் படி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. வந்தவர்களின் குடையிலிருந்து சொட்டிப் படியெல்லாம் ஈரம். நாலாவது படியில் அவர் கால் நழுவியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துப்போய், அதற்குமேல் நகர முடியாமல் நின்றார். அவளால் அவரைத் தாங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

கீழே திரும்புகிற இடத்தில் நெட்டை நின்றுகொண்டிருந்தான். வேன் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. அவன் கீழே போகவில்லை. மேலே ஏறி வந்தான். அவர்களுக்கு இரண்டு படி கீழே, முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"ஏறுங்கண்ணே."

"வேணாம்" என்றாள் அவள். "நாங்க போய்க்குவோம். நீ போ. வேன் காத்துட்டிருக்கு."

"அண்ணி, படி ஈரமா இருக்கு."

"அதெல்லாம் நீ பாத்தியா? உனக்குத்தான் ஒண்ணும் கண்ணுல படாதே."

அவன் திரும்பவில்லை. உட்கார்ந்தபடியே இருந்தான். பின்கழுத்து மட்டும் சிவந்தது. மறுபடி ஹாரன். மேலேயிருந்து யாரோ இறங்கி வந்தவர், மூன்று பேரையும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

ஜாக்கி கம்பை மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவரே அதை அவள் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, நெட்டையின் தோளில் கையைப் போட்டார். அந்த நிமிஷம் அவளுக்கு நெட்டை மேல் இருந்ததைவிடப் புருஷன் மேல்தான் ஆத்திரம் வந்தது. இத்தனை பேரை மன்னிக்க இவர் யார், இவருக்கு யார் அந்த உரிமையைக் கொடுத்தது என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டால் படியில் நிற்க முடியாதவரிடம் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

நெட்டை அவரை முதுகில் ஏற்றிக்கொண்டான். அவசரத்தில் குனிந்தபடியே, முதுகைக் கொடுத்து எழப் பார்த்தான். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தது.

"இடுப்பால எழுந்திரிக்காத" என்றார் ஜாக்கி அவன் காதுக்குப் பக்கத்தில். கோபமாகச் சொல்லவில்லை. கொட்டகையில் புது ஆட்களுக்குச் சொல்கிற குரல். "முழங்கால மடக்கு. ஆங். கால அகட்டி வை. மூச்ச அடக்காத."

நெட்டை சொன்னபடி செய்தான். ஒரு படி இறங்கினான். இன்னொரு படி.

"மெதுவாப் போ. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார் ஜாக்கி. "உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, பாத்தேன்னு சொல்ல இங்க ஒரு ஆள் கிடையாது."

அடுத்த படிக்கு நீண்ட கால் அந்தரத்தில் நின்றது. நெட்டையின் தோள் குலுங்கியது. கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ள முடியாது, அவர் விழுந்துவிடுவார். கீழே ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் ஒரு கையில் பையையும் மறு கையில் கம்பையும் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஒரு படி இறங்கினாள்.

"போ" என்றாள். "நான் பாத்துட்டுதான் வரேன். கேட்டா சொல்லுவேன்."